தட்டான் எண்ணாத வாரங்கள்

"கிழிச்சுத் தொங்கவிட்டிருந்தாலும் முதல்ல நன்றி சொல்லுங்க" என்று மேடையில் நிற்கும் வரதராஜன் சார் சொல்கிறார், கூடமே சிரிக்கிறது, நான் சிரிக்கவில்லை, மடியில் திறந்திருக்கும் லேப்டாப்பில் நான் ஏற்கெனவே ஆறு முறை நன்றி சொல்லியாகிவிட்டது. அவர் சென்னையிலிருந்து வந்திருக்கிறார். முதல் கட்டுரையை எப்படி எழுதுவது, எந்த ஆய்விதழுக்கு அனுப்புவது, சேகரித்த தரவை எப்படிக் கணக்கிடுவது என்று எங்களைப் போன்ற புதிய ஆய்வாளர்களுக்குச் சொல்லித்தரும் ஒரு நாள் பயிலரங்கு இது. என் கட்டுரை எழுதி முடித்தது. ஆய்விதழுக்குப் போய், அங்கே மதிப்பாய்வாளர் ஒருவர் படித்து, கருத்துகளோடு திரும்பி வந்திருக்கிறது. ஒவ்வொரு கருத்துக்கும் கீழே பதில் எழுத வேண்டும், ஒவ்வொரு பதிலும் நன்றியில் தொடங்க வேண்டும், அதுதான் வழக்கம். படத்தில் எழுத்து சிறியதாக இருக்கிறது என்றார், நன்றி, பெரிதாக்கிவிட்டோம். ஆங்கிலம் சில இடங்களில் தடுமாறுகிறது என்றார், நன்றி, திருத்திவிட்டோம். கண்மாய் என்றால் என்னவென்று வெளிநாட்டு வாசகருக்குத் தெரியாது என்றார், நன்றி, மழைநீரைத் தேக்கி வயலுக்கு விடும் ஏரி என்று ஒரு வரி சேர்த்துவிட்டோம். ஏழாவது கருத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. நேற்றிலிருந்து நிற்கிறது. ஏழாவது கருத்தில் கோபம் இல்லை, கேலி இல்லை, அதுதான் பயமாக இருக்கிறது. அட்டவணையில் பதினோரு வாரங்கள் காலியாக உள்ளன, அந்த வாரங்களில் தட்டான்கள் தென்படவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன், காலிக் கட்டங்களில் பூஜ்யம் இட்டு மறுபடி கணக்கிடவும், அப்போது சரிவு தெளிவாகத் தெரியும், கட்டுரையை ஏற்கும்படி நான் பரிந்துரைப்பேன். அவ்வளவுதான். வாசல் கதவைத் திறந்து வைத்துவிட்டு, செருப்பை மட்டும் கழற்றிவிட்டு வாங்க என்று சொல்வதுபோல் எவ்வளவு மரியாதையாக எழுதியிருக்கிறார்.

அந்தக் கதவுக்குள்தான் நான் போக வேண்டும். ஒரு கட்டுரையாவது ஏற்கப்பட்டிருந்தால்தான் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க விடுவார்கள், ஆய்வேட்டைச் சமர்ப்பித்தால்தான் முனைவர் பட்டம், எனக்குக் கொடுத்த கூடுதல் காலம் இந்த மாதக் கடைசியோடு தீர்கிறது, அதுவே இரண்டாவது முறை கெஞ்சி வாங்கியது. பதில் இன்றைக்குள் போக வேண்டும். முன்வரிசையில் என் நெறியாளர் ஹேமாவதி மேடம் உட்கார்ந்திருக்கிறார், பின்னந்தலையும் கொண்டையும் தெரிகின்றன, பயிலரங்கை நடத்துவது அவர்தான், ஆய்விதழின் தளத்தில் நுழையும் கடவுச்சொல்லும் அவரிடம்தான். காலையில் வாட்ஸப்பில் கேட்டார், ஏழாவது முடிஞ்சுதா என்று. முடியுது மேடம் என்று போட்டேன். முடியவில்லை. "ரிவ்யூவரோட சண்டை போடாதீங்க, அவர் கேட்டது பத்துல ஒன்பதைச் செஞ்சு கொடுத்துடுங்க" என்கிறார் வரதராஜன் சார். அப்படியென்றால் பத்தாவது? பத்தாவதை என்ன செய்வது என்று அவர் சொல்லவில்லை, திரையில் அடுத்த படத்துக்குப் போய்விட்டார். என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இர்ஃபான் குனிந்து காதருகே, "அக்கா, உனக்கு ஏழாவதுதான் பத்தாவது" என்கிறான். எங்கள் ஆய்வகத்தில் எனக்கு இரண்டு வருடம் இளையவன், கணக்கில் புலி, எல்லோருடைய தரவையும் அவன்தான் மென்பொருளில் ஓட்டிக் கொடுப்பான். சும்மா இருடா என்கிறேன். சும்மா இருக்க மாட்டான். காலாட்டிக்கொண்டே இருப்பான்.

கட்டம். ஒரு சின்னக் கட்டம், அதற்குள் ஒரு எண். அந்தப் பதினோரு வாரம் தவிர, இரண்டு வருடம் வியாழக்கிழமை தவறாமல், வெயில் ஏறிய பிறகு, புளியங்கண்மாய்க் கரையில் மடையிலிருந்து, நிறைந்த தண்ணீர் வழிந்தோடும் கலுங்கு வரை நடந்தேன். மெதுவாக நடக்க வேண்டும், நிற்கக் கூடாது. கரையின் இரு பக்கமும் கைக்கெட்டும் தூரத்துக்குக் கொஞ்சம் அப்பால் வரை பறப்பதை மட்டும் எண்ண வேண்டும். முன்னாலிருந்து வருவதை எண்ணலாம், பின்னாலிருந்து முந்திக்கொண்டு போவதை எண்ணக் கூடாது, அது ஏற்கெனவே எண்ணியதாக இருக்கும். கட்டைவிரலுக்குக் கீழே எண்ணும் கருவி டக் டக் என்று அடிக்கும். ஆரம்பத்தில் எனக்கு எல்லாத் தட்டானும் தட்டான்தான். பிறகு செம்மை வேறு, செங்கல் நிறம் வேறு, இறக்கை நுனியில் கறுப்பு இருப்பது வேறு, உட்காரும்போது இறக்கையைத் தோள்மேல் சாய்ப்பது வேறு என்று கண்ணுக்குள் ஒரு அலமாரி உண்டாகி, பறக்கும்போதே ஒவ்வொன்றும் தன் தட்டில் போய் உட்கார ஆரம்பித்தது. அந்த அலமாரி என்னுடையது. யாரும் வாங்கிக் கொடுத்ததில்லை. நூறு நாள் வேலைக்குக் கரையில் வந்திருந்த பெண்கள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு பார்ப்பார்கள். "ஏம்மா, என்னத்தத் தேடுற, கம்மல் கிம்மல விட்டுட்டியா?" "தட்டான் எண்ணுறேங்க்கா." "எண்ணி?" "எழுதி வைப்பேன்." "எழுதி?" "புத்தகத்துல போடுவாங்க." "தட்டானுக்கா படிக்கத் தெரியப்போகுது?" கரை முழுக்கச் சிரிப்பு, நானும் சிரித்தேன், சிரித்ததில் எண்ணிக்கை விட்டுப்போய், திரும்ப மடைக்கே போய் முதலிலிருந்து நடந்தேன். அதையும் அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் நான் எண்ணும்போது யாரும் பேச்சுக் கொடுக்கவில்லை. ஒருத்தி மட்டும் மற்றவர்களிடம், "இருங்கடி, அவ கணக்கு தப்பிரும்" என்று அடக்கினாள். என் ஆய்வுக்குக் கிடைத்த முதல் மரியாதை அது. பேராசிரியர்கள் தந்தது அதற்குப் பிறகுதான்.

இரண்டாம் வருடம் ஐப்பசிக்கு முன்னால் கண்மாயைத் தூர்வாரினார்கள். கரையோரக் கோரையையும் நாணலையும் இயந்திரம் வைத்து வழித்தெடுத்தார்கள். தட்டானின் குஞ்சு தண்ணீருக்குள் வளர்ந்து, கோரைத் தண்டைப் பிடித்து ஏறித்தான் தோலை உரித்துவிட்டுப் பறக்கும். ஏணியை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? தட்டான் குறையுமா, எவ்வளவு குறையும்? இதுதான் என் கேள்வி. நல்ல கேள்வி, இன்றைக்கும் சொல்வேன். கோரையை எடுத்த மூன்றாம் வாரத்திலிருந்து பதினோரு கட்டம் காலி. அதற்குப் பிறகு தை பிறந்ததும் மறுபடி எண்கள் வருகின்றன, முன்பைவிடச் சிறிய எண்கள், ஆனால் எண்கள். காலியாக விட்டுக் கணக்குப் போட்டால் தட்டான் குறைந்திருக்கிறது, கொஞ்சம். பூஜ்யம் போட்டால் தட்டான் மொத்தமாகக் காணாமல் போய், பிறகு தட்டுத்தடுமாறித் திரும்பி வருகிறது. முதலாவதில் ஒரு சாதாரண உண்மை. இரண்டாவதில் செய்தித்தாளில் வரக்கூடிய ஒரு கதை. பூஜ்யம் என்பது ஒரு எண். போனேன், பார்த்தேன், ஒன்றுமில்லை என்று சொல்வது. காலி என்பது போகவில்லை என்று சொல்வது. பரீட்சை எழுதி ஒன்றும் வராமல் வெறும் தாளைக் கொடுத்த பிள்ளைக்குப் பூஜ்யம் போடலாம். அம்மை போட்டு வீட்டில் படுத்திருந்த பிள்ளைக்கு எப்படிப் பூஜ்யம் போடுவது? ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம் சொன்னால்கூடப் புரியும், அநியாயம் மிஸ் என்று அதுவே சண்டைக்கு வரும். படித்த மனிதர் ஒருவர் எங்கோ ஒரு மேசையில் உட்கார்ந்து, காலிக் கட்டத்தைப் பார்த்து, அங்கே ஒன்றுமில்லை என்று முடிவு செய்துவிட்டார். அங்கே ஒன்றுமில்லையா? அங்கே என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். தொட்டில் இருந்தது.

தேநீருக்கு விட்டார்கள். வராந்தாவில் சமோசாவும் காகிதக் கோப்பையும், மேடம் நேராக என்னிடம் வந்தார். "ஏழாவதுக்கு என்ன எழுதின?" "இன்னும் இல்ல மேடம்." "அதுல எழுத என்ன இருக்கு? அவரே வழி சொல்றாரு. பூஜ்யம் போட்டு ஓட்டச் சொல்றாரு, ஓட்டிட்டு நன்றின்னு போடு." "பூஜ்யம் இல்லையே மேடம்." "மழைக்காலம், கோரையும் இல்ல. இருந்திருக்காதும்மா." "இர்ஃபான் பார்த்தான் மேடம்." மேடம் இர்ஃபான் பக்கம் திரும்ப, அவன் சமோசாவை அவசரமாக விழுங்கினான். உண்மைதான், அந்த வாரங்களில் ஒருநாள் மனம் பொறுக்காமல் அம்மா வீட்டிலிருந்து அவனுக்குப் போன் செய்து, எனக்குப் பதிலாக ஒரு தடவை போய் எண்ணிவிட்டு வா என்று கெஞ்சினேன். போனான். சாயங்காலம் கூப்பிட்டான். "எத்தனைடா?" "நிறைய இருந்துச்சுக்கா." "நிறையன்னா எத்தனை?" "அது... சட்டையில எல்லாம் வந்து உக்காந்துச்சுக்கா." மடியில் இருந்த குழந்தை மிரண்டு அழும் அளவுக்கு அவனைத் திட்டினேன். இப்போது அவனே மேடத்திடம், "நிறைய இருந்துச்சு மேடம், சத்தியமா" என்றான். மேடம் அவனைப் பார்த்து, "நிறையங்கிறத எந்தக் கட்டத்துலடா போடுறது?" என்றார். அதுவும் சரிதான். நிறைய என்பது எண் இல்லை. ஆனால் பூஜ்யமும் இல்லை. மேடம் என் தோளைத் தொட்டு, "வினோ, அஞ்சு வருஷம் போட்டிருக்க. பதினோரு கட்டத்துக்காக எல்லாத்தையும் தொலைச்சிராத" என்றார். அந்தக் குரலில் மிரட்டல் இல்லை. அக்கறைதான் இருந்தது. அவர்மேல் கோபப்படவும் முடியவில்லை. மணி அடித்தார்கள், கோப்பையைப் போடக் கூடை தேடினேன், கூடை நிரம்பி வழிந்தது, கையிலேயே எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

"கணக்குப் போடுறதுக்கு முன்னாடி தரவை வரைஞ்சு பாருங்க, கண்ணால பாருங்க" என்கிறார் வரதராஜன் சார். நல்ல மனிதர், நல்லதாகத்தான் சொல்கிறார், தற்செயலாக நேர்ந்திருக்கும் வாய்ப்பு நூற்றில் ஐந்துக்குக் கீழே என்று விடை வரும்வரை சோதனையை மாற்றி மாற்றி ஓட்டுகிறவர் இருக்கிறார்கள், அது ஆய்வு இல்லை, லாட்டரிச் சீட்டு என்கிறார். மாண்புமிகு பேராசிரியரே என்று மின்னஞ்சலில் கூப்பிட்டு மூன்றே நாளில் வெளியிடுகிறேன் என்கிற இதழ்களை நம்பாதீர்கள் என்கிறார், எனக்குக்கூட அப்படிப் பத்துக் கடிதம் வந்திருக்கிறது, இன்னும் பட்டமே வாங்காத என்னை மாண்புமிகு என்று அழைத்த ஒரே கூட்டம் அதுதான். வரைந்து பாருங்கள். சரி, வரைந்து பார்க்கிறேன். யாருக்கும் தெரியாமல், ஒரு நகல் எடுத்து, பதினோரு கட்டத்தையும் சேர்த்துப் பிடித்து, பூஜ்யத்தை அழுத்துகிறேன். எவ்வளவு சுலபம். ஒரே விரல். கோடு பள்ளத்தில் விழுகிறது, மலையிலிருந்து கல் விழுவதுபோல் நேராக. எவ்வளவு அழகாக இருக்கிறது, எவ்வளவு தெளிவாக, யார் பார்த்தாலும் அய்யோ என்பார்கள். இர்ஃபான் எட்டிப் பார்த்து, காலாட்டுவதை நிறுத்திவிட்டான். இந்தப் படத்தை மாமனார்கூடப் புரிந்துகொள்வார், இன்னும் எத்தனை வருஷம்தான் பூச்சி எண்ணப் போறா என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கேட்கிறவர். நடுக்கூடத்தில் மாட்டலாம். நான் அந்தப் பள்ளத்தின் அடியையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், பூஜ்யம் பூஜ்யம் பூஜ்யம் என்று பதினோரு முறை தரையோடு தரையாக ஓடும் அந்தக் கோட்டை. நடந்தேன், பார்த்தேன், ஒன்றுமில்லை என்று அது சொல்கிறது. நான் நடக்கவில்லை. எந்தக் கரையில் நான் நடந்தேன் அப்போது? பேறுகால வார்டின் நீளத் தாழ்வாரத்தில் நடந்தேன், வலி நன்றாக வரட்டும், நட நட என்று நர்ஸ் விரட்ட, சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு. தாழ்வாரத்துக் கம்பி ஜன்னலுக்கு வெளியே தண்ணீர்த் தொட்டி, அதன்மேல் மழை விட்ட வெளிச்சத்தில் மஞ்சள் தட்டான்கள், கடல் தாண்டிப் பருவமழையோடு வருகிறவை, கூட்டம் கூட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. நான் எண்ண ஆரம்பித்தேன். நம்ப மாட்டார்கள், வலிக்கு நடுவே எண்ணினேன். எண்பது தாண்டியதும் அடுத்த வலி வந்தது, விட்டுப்போயிற்று. அம்மா பிடித்துக்கொண்டு, "என்னடி முணுமுணுக்குற, சாமிய நினை" என்றாள். அந்த எண்பதையும் நான் எழுதவில்லை. அவை தண்ணீர்த் தொட்டித் தட்டான்கள், புளியங்கண்மாய்த் தட்டான்கள் இல்லை. எழுதியிருந்தால் என் சரிவு இன்னும் குறைந்திருக்கும், எழுதவில்லை, பூஜ்யம் எழுதினால் சரிவு கூடும், எழுத மாட்டேன். எனக்குச் சாதகமானதும் வேண்டாம், பாதகமானதும் வேண்டாம். பார்த்ததை மட்டும், பார்க்கப் போன இடத்தில், பார்க்கப் போன நாளில். நகலை அழிக்கிறேன். உறுதியாக அழிக்கவா என்று கேட்கிறது. ஆம்.

அழித்ததும் நெஞ்சில் ஏதோ நிமிர்கிறது, பயம் போய்விடவில்லை, பயத்தை உள்ளேயே வைத்துக்கொண்டு நிமிர்கிறது. கட்டுரையை நிராகரித்தால்? நிராகரிக்கலாம். இதழாசிரியர் மதிப்பாய்வாளர் பக்கம்தான் சாய்வார், சாதாரணச் சரிவுக்கு இடமில்லை என்று இரண்டு வரியில் முடித்துவிடுவார், மாதக் கடைசியில் பதிவு ரத்து என்று பல்கலைக்கழகத்திலிருந்து தாள் வரும், மாமனார் அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படிப்பார். கண்ணுக்குள் இருக்கும் அலமாரியை யார் ரத்து செய்வார்கள்? பள்ளிக்கூட வேலை ஏதாவது பார்த்துக்கொண்டு, பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியே செங்கல் நிறம், கறுப்பு நுனி என்று சொல்லிக்கொண்டு போவேன். அழுகை வருகிறது, வரட்டும். அந்தப் பதினோரு வாரம் எனக்கு வெட்கம் இல்லை. நிறைமாத வயிற்றோடு கரையில் ஏறிக் கடைசி எண்ணிக்கையை எடுத்தவள் நான், கால் வழுக்காமல் இருக்கக் கோலை ஊன்றிக்கொண்டு, கீழே என் கணவர் மோட்டார் சைக்கிளைப் பிடித்தபடி நின்று போதும் வா, போதும் வா என்று கத்த, கலுங்கு வரை போய்த்தான் திரும்பினேன். திரும்பவும் கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு, மார் கனக்க, அதே கரையில் முதல் எண்ணிக்கையை எடுத்தவளும் நான். இரண்டுக்கும் நடுவில் நான் என்ன ஓய்ந்தா கிடந்தேன்? விரல்கள் தாமாக ஓடுகின்றன. மதிப்பாய்வாளரின் கருத்துக்கு நன்றி. ஆனால் இந்தத் திருத்தத்தை நாங்கள் செய்யவில்லை. அந்த வாரங்களில் கணக்கெடுப்பாளருக்குக் குழந்தை பிறந்திருந்ததால் கணக்கெடுப்பு நடக்கவில்லை. எண்ணுவதில் பயிற்சி இல்லாத சக ஆய்வாளர் ஒருவர் ஒருமுறை சென்று தட்டான்கள் இருந்ததைப் பார்த்தார், ஆனால் எண்ணவில்லை. ஆகவே அந்தக் கட்டங்களில் பூஜ்யம் இடுவது தவறாகும். அவை காலியாகவே இருக்கும். சரிவு மிதமானது என்ற எங்கள் முடிவில் மாற்றமில்லை. படித்துப் பார்க்கிறேன். ஒரு சொல்லையும் மாற்றத் தோன்றவில்லை. ஐந்து வருடத்தில் நான் எழுதியதிலேயே நல்ல பத்தி இதுதான், பட்டம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் இதை நான் எழுதியிருக்கிறேன். இர்ஃபான் தலையை நீட்டிப் படித்துவிட்டு, "பயிற்சி இல்லாதவனா நானு?" என்கிறான். "சட்டையில உக்காந்ததக்கூட எண்ணாதவன்" என்கிறேன்.

கைதட்டல் கேட்டு நிமிர்கிறேன், காலை அமர்வு முடிந்து எல்லோரும் சாப்பாட்டுக்கு எழுந்து போகிறார்கள். மேடம் வரிசைகளுக்கு நடுவே நடந்து வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, கேட்காமலேயே லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொள்கிறார். கண்ணாடியை மூக்குக்கு இறக்கிப் படிக்கிறார். இரண்டாம் முறை படிக்கிறார். "பூஜ்யம் போடல, சரி. இது எதுக்கு? பிள்ள பெத்தத உலகத்துக்கே சொல்லணுமா? தவிர்க்க முடியாத காரணங்களால்னு போடு, எல்லாரும் அப்படித்தான் போடுறோம்." "தவிர்க்க முடியாததா இருந்தா போடலாம் மேடம்." "பின்ன?" "வேணும்னு பெத்துக்கிட்ட பிள்ள மேடம்." இர்ஃபானுக்குச் சிரிப்பு பீறிட்டு, இருமுவதுபோல் எழுந்து போய்விட்டான். மேடம் சிரிக்கவில்லை. முதுகை நிமிர்த்திக்கொண்டு, "எனக்கும் ரெண்டு பிள்ளைங்க. என் கட்டுரை ஒண்ணுலயும் அது தெரியாது. நீர்ப்பறவை எண்ணினேன், ஒரு வாரம் விட்டதில்ல" என்கிறார். அந்தப் பெருமையும் எனக்குத் தெரிந்த பெருமைதான், அதேபோன்ற கரையில் நடந்த கால்களுடையது. ஆனால் எப்படி விடாமல் இருக்க முடியும்? வாய் முந்திவிடுகிறது. "அப்ப யாரு மேடம் எண்ணுனா?" கேட்ட பிறகுதான் எவ்வளவு பெரிய கேள்வி என்று புரிகிறது, நாக்கைக் கடித்துக்கொள்கிறேன். மேடம் திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். வராந்தாவில் தட்டுகள் மோதும் சத்தம் கேட்கிறது. "நான்தான்" என்கிறார். "பன்னண்டாம் நாள் போயிட்டேன். கரையில ஏறும்போது தையல் விட்டுருச்சு. சேலைய இறுக்கிக் கட்டிக்கிட்டு எண்ணி முடிச்சேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். "அன்னிக்கு எண்ணுனது சரிதானான்னு எனக்கே தெரியாது வினோ. அந்த எண்ணு இன்னும் என் கட்டுரையிலதான் இருக்கு."

மேடம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஆய்விதழின் தளத்தைத் திறந்து, விசைகளைப் பார்க்காமலேயே கடவுச்சொல்லைத் தட்டி, பதிலை ஏற்றுகிறார். ஒரு சொல்லையும் அவர் மாற்றவில்லை. அனுப்பு என்ற பொத்தான் வந்ததும் லேப்டாப்பை என் பக்கம் திருப்பி வைக்கிறார். "ரிஜெக்ட் பண்ணினா இன்னொரு நீட்டிப்பு கிடையாது. தெரியும்ல?" "தெரியும் மேடம்." "என்கிட்ட வந்து அழக் கூடாது." "அழுவேன் மேடம்." "சரி, அழு. அனுப்பு." அழுத்துகிறேன். வட்டம் சுற்றுகிறது, நிற்கிறது, கிடைத்தது என்று ஒரு வரி வருகிறது. மேடம் எழுந்துபோகாமல் அட்டவணையை மறுபடி திறந்து கீழே இழுத்துக்கொண்டே போய், காலிக் கட்டங்கள் வந்ததும் நிறுத்துகிறார். எண்கள் வந்து, நின்று, வெள்ளையாய் இடம் விட்டு, பிறகு தொடர்கின்றன. அந்த வெள்ளையின்மேல் விரலை வைக்கிறார். "பிள்ளை பேரு என்ன வினோ? இத்தன நாள்ல நான் கேட்டதே இல்லல்ல?" கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. ஆய்வகத்தில் அதைப் பேசக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை, நானாகவே பேசாமல் இருந்தேன். "ஆதிரை மேடம்" என்கிறேன், காலிக் கூடத்தில் அந்தப் பெயர் நான் நினைத்ததைவிடச் சத்தமாக ஒலித்து, வாசலில் சாப்பாட்டுத் தட்டோடு நிற்கும் இர்ஃபான் திரும்பிப் பார்க்கிறான்.